சிவப்புக் காஜர் கேக் புராணம்

இந்தக் கேக்கைப் பற்றி நான் வாயைத் திறந்தாலே வீட்டில் ஒவ்வொருவராக நழுவிவிடுகிறார்கள். வீட்டுக்காரருக்குத் திடீரென்று போன் வருகிறது. மகளுக்கு அப்போதுதான் பரீட்சை ஞாபகம் வருகிறது. ஆனால் கேக்கை வெட்டுகிற நேரத்தில் மட்டும் சொல்லிவைத்தாற்போல் எல்லோரும் சமையலறை வாசலில் ஆஜர். கேட்க ஆளில்லாத புராணத்தை எழுதித்தானே தீர்க்க வேண்டும்?

சாக்லேட் கேரட் கேக். மேலே வழவழவென்று சாக்லேட் ஃப்ராஸ்டிங். தாதர் ஈஸ்ட்டில், ஒருவர் நின்றால் இன்னொருவர் நுழைய முடியாத சமையலறையில், ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் ஒண்டிக்கொண்டிருக்கும் என் சின்ன ஓடிஜியில் சுட்டது. இதைவிட ஈரப்பதமான, இதைவிட மெத்தென்ற கேக்கை இந்த ஊரில் எந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள்ளும் நான் பார்த்ததில்லை. தற்பெருமைதான், இருந்துவிட்டுப் போகட்டும். தின்று பார்த்துவிட்டு யாராவது மறுக்கட்டும்.

எல்லாப் பெருமையும் கேரட்டுக்கே என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன். தாதரில் குடியிருப்பவர்களுக்கு ஒரு கொடுப்பினை உண்டு. ஸ்டேஷனுக்கு மேற்குப் பக்கம் இறங்கினால், சேனாபதி பாபட் மார்க் நெடுக விடிவதற்கு முன்பே சந்தை கூடிவிடும். ஒரு பக்கம் பூ மார்க்கெட்டில் செண்டுமல்லி மூட்டை மூட்டையாக அவிழ்கிறது. அதை ஒட்டியே காய்கறி. வசாய்ப் பக்கத்திலிருந்து அதிகாலை லோக்கலில் கூடையோடு வந்து இறங்குபவர்கள், லாரியில் வந்த சாக்குகளைப் பிரிப்பவர்கள், தலைச்சுமையோடு “பாஜூ, பாஜூ” என்று வழி கேட்டுக்கொண்டே ஓடுபவர்கள். அந்த நெரிசலில் நவம்பர் கடைசி வாக்கில் ஒருநாள் சிவப்புக் காஜர் வந்து உட்கார்ந்துவிடும். அன்றைக்குத்தான் எனக்கு மும்பையில் குளிர்காலம். தெர்மாமீட்டர் என்ன சொன்னாலும் சரி.

தமிழ்நாட்டில் வளர்ந்த நமக்குக் கேரட் என்றால் ஊட்டி கேரட்தான். ஆரஞ்சு நிறம், குட்டை, மொழுமொழுவென்று முனை மழுங்கியது. நல்ல கேரட்தான், குறை சொல்லவில்லை. பொரியலுக்கும் சாம்பாருக்கும் அதை அடித்துக்கொள்ள முடியாது. ஆனால் இந்த வடநாட்டுக் காஜர் வேறு சாதி. ஒரு முழத்துக்கு நீளும். நுனி ஊசிபோல் இருக்கும். நிறமோ பீட்ரூட்டுக்கும் தக்காளிக்கும் நடுவில் ஒரு சிவப்பு. ஊட்டிக் கேரட்டின் ஆரஞ்சுக்குக் காரணம் பீட்டா கரோட்டின் என்றால், இதன் சிவப்புக்குக் காரணம் லைக்கோபீன். தக்காளிக்கும் தர்பூசணிக்கும் நிறம் கொடுக்கிற அதே சரக்கு. டெல்லி பூசா வேளாண் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ரகம் ஒன்றுக்குப் பூசா ருதிரா என்றே பெயர். அதில் நடுத்தண்டும் சேர்ந்து சிவப்பாகவே இருக்கும். கையில் எடுத்து ஒடித்தால் டப்பென்று உடைந்து, உடைந்த இடத்தில் சாறு முத்து முத்தாகத் துளிர்க்கும். அப்படித் துளிர்க்காத காஜரைத் திருப்பி வைத்துவிடுங்கள்.

பெரிது பெரிதாகப் பொறுக்காதீர்கள். முற்றிய காஜரில் நடுத்தண்டு கட்டைபோல் இருக்கும். துருவினால் நார் நாராக வரும். விரல் பருமனைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவு போதும். நான் வழக்கமாக வாங்கும் காய்கறிக்கார மாவுஷி முதலில் இதற்கு முகத்தைச் சுளித்தார். “ஹல்வா கே லியே படா லேகே ஜாவ்” என்றார். காஜரைப் பொறுக்கி வாங்குகிறவள் அல்வாவுக்குத்தான் வாங்க வேண்டும் என்பது இந்த ஊர்ச் சட்டம். கேக்குக்கு என்று சொன்னதும் தராசைப் பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது. “கேக் மே காஜர்?” பக்கத்துக் கடைக்காரரைத் திரும்பிப் பார்த்தார். மதறாஸிகள் எதையும் செய்வார்கள் என்கிற பார்வை. அடுத்த வாரம் ஒரு துண்டு கொண்டுபோய்க் கொடுத்தேன். அதிலிருந்து அரைக் கிலோ கேட்டால் முக்கால் விழுகிறது.

கேரட்டைக் கேக்கில் போடுவதும் ஒன்றும் புதுமை இல்லை. சுவிட்சர்லாந்தில் ஆர்காவ் என்கிற பகுதிக்காரர்கள் பாதாம் பொடியும் கேரட்டும் சேர்த்துச் சுடும் கேக்குக்குப் பேர் போனவர்கள். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனில் 1940 ஜனவரியில் சர்க்கரைக்கு ரேஷன் வந்தது. அரசாங்கமே ‘டாக்டர் கேரட்’ என்று ஒரு கார்ட்டூனை உருவாக்கி, இனிப்புக்கு இதைச் சாப்பிடுங்கள் என்று ஜனங்களிடம் மன்றாடியது. பஞ்சத்துக்குப் போட்ட கேரட், பஞ்சம் தீர்ந்த பிறகும் கேக்கை விட்டுப் போகவில்லை என்றால் அதற்கு ருசிதான் காரணமாக இருக்க முடியும்.

ருசி மட்டும் இல்லை, ஈரம். கேரட்டின் எடையில் நூற்றுக்கு 88 பங்கு தண்ணீர். என் கேக்குக்கு 250 கிராம் துருவல் போகிறது என்றால் 220 கிராம் தண்ணீர் உள்ளே போகிறது என்று அர்த்தம். அவ்வளவு தண்ணீரை அப்படியே மாவில் கொட்டியிருந்தால் களிதான் கிடைக்கும். கேரட்டுக்குள் இருப்பதால் அது உடனே வெளியே வராது. சூடு ஏற ஏறக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். மாவு இறுகி முடிந்த பிறகும் கசிந்துகொண்டே இருக்கும். கேக் ஆறின பிறகும், ஏன், மறுநாளும்கூட. இதனால்தான் இந்தக் கேக்கை முதல் நாளைவிட இரண்டாம் நாள் தின்ன வேண்டும் என்று நான் கரடியாய்க் கத்துகிறேன். வீட்டில் யாரும் கேட்பதில்லை.

துருவலில்தான் கவனம் வேண்டும். மிக்ஸியில் போட்டு அடிக்காதீர்கள். ஒரு பக்கம் கூழ், ஒரு பக்கம் கட்டி. துருவியின் பெரிய கண்ணும் வேண்டாம். கேக்கில் பல்லில் தட்டும். சின்னக் கண்ணில், கையால், பொறுமையாக. துருவியதைப் பிழிந்துவிடாதீர்கள். பிழிந்து சாற்றைக் கீழே கொட்டுவதாக இருந்தால் காஜரே வாங்கியிருக்க வேண்டாம். விரல் நுனியெல்லாம் சிவந்து போகும். ஒரு சொட்டு எண்ணெய் தடவிக்கொண்டால் நிறம் போய்விடும்.

அடுத்தது இனிப்பு. இங்கேதான் என் கேக் உலகத்துச் சாக்லேட் கேக்குகளையெல்லாம் ஓரங்கட்டுகிறது. கருப்பட்டி!

தாராவி 90 அடி ரோட்டில் என் சித்தி இருக்கிறாள். அவர்கள் தெருவில் பாதிப் பேர் திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள். அங்கே கடைகளில் உடன்குடிக் கருப்பட்டியும் கிடைக்கும், ஊர்ச் சேவும் முறுக்கும் கிடைக்கும். தவிர, தாதர் – திருநெல்வேலி சாளுக்கியா எக்ஸ்பிரஸில் யார் வந்தாலும் சித்தி வீட்டுக்கு ஓலைக் கொட்டானில் கருப்பட்டி வந்து இறங்கும். அதில் என் பங்கை நான் விடுவதில்லை. கேக்குக்கு என்று சொன்னபோது சித்தி அடித்த அடி இன்னும் காதில் இருக்கிறது. “ஏட்டி, காப்பியில போடுத கருப்பட்டியக் கொண்டுபோயி கேக்குல போடுதியாக்கும்? கிறுக்கு கிறுக்கு!” கேக்கைத் தின்ற பிறகு சித்தி சொன்னது: “மெத்துனு இருக்கு பாத்துக்கோ. சித்தப்பாவுக்கு ரெண்டு துண்டு பொதிஞ்சு குடு.” அந்தப் பொதியில் ஒரு துண்டுதான் சித்தப்பா கைக்குப் போய்ச் சேர்ந்தது என்பது தனிக் கதை.

கருப்பட்டியின் அந்தப் புகை வாசனை இருக்கிறதே, சாக்லேட்டோடு அது சேரும் சேர்க்கையை என்ன சொல்ல! வெள்ளைச் சர்க்கரை இனிப்பை மட்டும் கொடுக்கும். கருப்பட்டி ஒரு துளி கசப்பு, ஒரு துளி உப்பு, அடியில் மண் வாசனை என்று சகலமும் கொடுக்கும். ஈரத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆனால் அப்படியே நசுக்கிப் போடக் கூடாது. மணல் இருக்கும், சில சமயம் தும்பும் இருக்கும். காய்ச்சி வடிகட்டித்தான் ஆக வேண்டும்.

எதில் காய்ச்சுவது? தண்ணீரிலா? டிகாக்‌ஷன் இருக்கும்போது தண்ணீர் எதற்கு! சாக்லேட் கேக்குக்குக் காப்பி சேர்த்தால் கோகோவின் வாசனை தூக்கிக் கொடுக்கும் என்பது பேக்கிங் செய்கிற எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. அவர்கள் இன்ஸ்டன்ட் பொடியைக் கரைத்து ஊற்றுவார்கள். மாட்டுங்காவுக்கு அடுத்த ஸ்டேஷனில் குடியிருந்துகொண்டு நான் அதைச் செய்தால் பாவம் பிடிக்கும். மாட்டுங்காவின் மைசூர் கன்சர்ன்ஸ் காப்பிப்பொடிக் கடை வாசலில் நின்றாலே போதும், காப்பிக்கொட்டை அரைபடும் வாசனையில் அன்றைய கவலை பாதி தீர்ந்துவிடும். அங்கே அரைத்த பொடியில் ஃபில்டரில் இறக்கிய முதல் டிகாக்‌ஷன் 100 மில்லி. அதில் 150 கிராம் கருப்பட்டியை உடைத்துப் போட்டு, சின்னத் தீயில் கரையவிட்டு, கொதி வந்ததும் மெல்லிய துணியில் வடிகட்டி, சுடச்சுட 50 கிராம் கோகோ பொடியின் மேல் ஊற்றிக் கலக்குகிறேன்.

அந்தக் கணத்தை நீங்கள் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். வெளிறிய பழுப்பாக, உலர்ந்த பொடியாக இருந்த கோகோ சூடு பட்டதும் கறுத்து, இளகி, எண்ணெய் மினுமினுப்போடு கரண்டியிலிருந்து நாடாபோல் வழியும். சூட்டில் கோகோவுக்குள் அடைபட்டிருந்த கொழுப்பும் வாசனையும் அவிழ்கிற கூத்து அது. கருப்பட்டிக் காப்பியும் சாக்லேட்டும் ஒரே கிண்ணத்தில்! ஒரு ஸ்பூன் நக்கிப் பார்க்காமல் அடுத்த வேலைக்குப் போனதாக எனக்குச் சரித்திரம் இல்லை.

கோகோ வாங்கும்போது பெட்டியைத் திருப்பிப் படியுங்கள். டிரிங்கிங் சாக்லேட் வேண்டாம். பாதிக்கு மேல் சர்க்கரை. வெறும் கோகோவிலும் இரண்டு வகை உண்டு. ஒன்று இயற்கையானது, கொஞ்சம் புளிப்புத்தன்மை உள்ளது. இன்னொன்று காரம் சேர்த்துப் புளிப்பை முறித்தது. 1828இல் கோகோவிலிருந்து கொழுப்பைப் பிழியும் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கிய ஹாலந்துக்காரர் வான் ஹூட்டன் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் பக்குவம் அது. பெட்டியில் ஐஎன்எஸ் 500, 501 என்று எண் இருந்தால் காரம் சேர்த்தது என்று புரிந்துகொள்ளுங்கள். நம் கேக்குக்குப் புளிப்பு உள்ளதுதான் வேண்டும். சோடா உப்பு பொங்குவதற்குப் புளிப்பு தேவை. இன்னொரு சந்தோஷம், கோகோவுக்கு வெளிநாட்டைப் பார்த்துக் கையேந்த வேண்டியதில்லை. பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராகவே கோகோ காய்த்துத் தொங்குகிறது. அந்தத் தோப்புக் கோகோவில் செய்த சாக்லேட் இப்போது மும்பைக் கடைகளிலேயே கிடைக்கிறது. விலையைப் பார்த்தால் மயக்கம் வரும், ஆனால் ஃப்ராஸ்டிங்குக்கு வருஷத்தில் ஒரு தடவையாவது வாங்கிவிடுவேன்.

மற்றதெல்லாம் சுலபம். 200 கிராம் மைதா, ஒரு டீஸ்பூன் சோடா உப்பு, அரை டீஸ்பூன் பேக்கிங் பவுடர், அரை டீஸ்பூன் உப்பு, அரை டீஸ்பூன் பட்டைப் பொடி. சேர்த்துச் சலித்துக்கொள்ளுங்கள். இன்னொரு பாத்திரத்தில் மூன்று முட்டை, 100 கிராம் சர்க்கரை, 160 மில்லி எண்ணெய். மிக்ஸர், பீட்டர் எதுவும் வேண்டாம், கையால் அடித்தாலே போதும். கோகோக் கலவை வெதுவெதுப்பாக ஆறின பிறகு இதில் ஊற்றுங்கள். சூட்டோடு ஊற்றினால் முட்டை பொரியலாகிவிடும். பிறகு மாவு. கடைசியில் துருவிய காஜர். மாவு போட்ட பிறகு ரொம்பக் கலக்காதீர்கள். வெள்ளை தெரியாத அளவுக்குக் கலந்தால் போதும். கலக்கக் கலக்க மைதாவின் பசைத்தன்மை ஏறி, கேக் பரோட்டா ஆகிவிடும்.

எண்ணெயைப் பார்த்து முகம் சுளிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வெண்ணெய் ருசிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வெண்ணெய்க் கேக்கை ஃப்ரிட்ஜில் வைத்தால் இறுகிப் போகும். மும்பையில் ஃப்ராஸ்டிங் போட்ட கேக்கை ஃப்ரிட்ஜில் வைக்காமல் தீராது. எண்ணெய் குளிரிலும் உறையாது, அதனால் கேக்கும் மெத்தென்றே இருக்கும். சூரியகாந்தி எண்ணெய் அல்லது தவிட்டெண்ணெய், வாசனையில்லாத எதுவும் சரி. தேங்காய் எண்ணெய் வேண்டாம், ஃப்ரிட்ஜில் கல்லாகிவிடும். செக்கு நல்லெண்ணெயை மகா ஆசையோடு யாராவது சிபாரிசு செய்தால் தலையை ஆட்டிவிட்டு மறந்துவிடுங்கள்.

திராட்சையும் வால்நட்டும் அவரவர் இஷ்டம். நான் ஒரு கை நாசிக் உலர்திராட்சை போடுவேன். அதற்கு எனக்குத் தைரியம் கொடுத்தது பார்சிக்காரர்கள். தாதர் பார்சி காலனி எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். மரங்கள் சூழ்ந்த அந்தத் தெருக்களில் நடப்பதே ஒரு சுகம் என்றால், கல்யாண வீட்டில் இலையில் வைக்கிற ‘லகன் நு அச்சார்’ தனிச் சுகம். துருவிய காஜர், உலர்திராட்சை, பேரீச்சை, வெல்லம், வினிகர், மிளகாய்! ஊறுகாய் என்று சொல்லி ஒரு மிட்டாயைப் பரிமாறுகிறார்கள். காஜரும் வெல்லமும் திராட்சையும் எவ்வளவு நெருங்கிய சொந்தம் என்று அந்த ஊறுகாயைத் தின்றால் தெரிந்துபோகும். பட்டைப் பொடி என் கேக்குக்குள் நுழைந்ததும் அந்த இலையிலிருந்துதான்.

எட்டு அங்குல வட்டத் தட்டு. கொஞ்சம் உயரமான தட்டாக இருக்கட்டும், கேக் நன்றாகவே எழும்பும். அடியில் பட்டர் பேப்பர். 170 டிகிரியில் முன்னமே சூடாக்கி வைத்த ஓடிஜியில் 45 முதல் 50 நிமிஷம். நாற்பதாவது நிமிஷத்தில் வாசனை மாடிப்படி இறங்கி வாட்ச்மேன் வரைக்கும் போயிருக்கும். அதற்கு முன்னால் கதவைத் திறக்காதீர்கள். புது ஈர்க்குச்சி ஒன்றை நடுவில் குத்திப் பாருங்கள். குச்சி சுத்தமாக வெளியே வர வேண்டும் என்று எல்லாரும் எழுதுவார்கள். இந்தக் கேக்குக்கு அது பொருந்தாது. ஒன்றிரண்டு ஈரப் பொடி ஒட்டிக்கொண்டு வந்தால்தான் எடுக்க வேண்டிய நேரம். குச்சி துடைத்தாற்போல் வந்தால் அப்போதே நேரம் தாண்டிவிட்டது.

ஓடிஜி இல்லாதவர்கள் மனம் தளர வேண்டாம். பழைய கனமான குக்கர் ஒன்று போதும். அடியில் இரண்டு டம்ளர் கல்லுப்பு பரப்பி, மேலே ஒரு ஸ்டாண்டு வைத்து, கேஸ்கெட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு, மூடி பத்து நிமிஷம் சூடாக்குங்கள். பிறகு தட்டை உள்ளே இறக்கிச் சின்னத் தீயில் ஒரு மணி நேரம். சித்தி வீட்டில் அப்படித்தான் செய்தேன். மேலே அவ்வளவாகச் சிவக்காது. ஃப்ராஸ்டிங் போட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

ஃப்ராஸ்டிங்! இதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரமாக நாக்கு துடித்துக்கொண்டிருந்தது.

கேரட் கேக்குக்கு அமெரிக்காவில் க்ரீம் சீஸ் பூசுவார்கள். 1872இல் நியூயார்க் மாநிலத்து செஸ்டரில் வில்லியம் லாரன்ஸ் என்கிற பால்பண்ணைக்காரர் செய்ய ஆரம்பித்த சரக்கு. இங்கேயும் டப்பாவில் கிடைக்கிறது. ஆனால் மும்பைப் புழுக்கத்தில் வெண்ணெயும் சர்க்கரையும் சேர்த்து அடித்த க்ரீம் சீஸ், பரிமாறுவதற்குள் கேக்கின் பக்கவாட்டில் மெல்லச் சரிந்து தட்டுக்கு வந்துவிடும். பேக்கரி ஐசிங்கைப் பற்றிப் பேசவே வேண்டாம். ரோஜாப்பூ பார்க்க லட்சணமாக இருக்கும். வாயில் போட்டால் மேலண்ணத்தில் மெழுகாக அப்பிக்கொண்டு சுடுதண்ணீர் குடித்தால்தான் இறங்கும்.

இதற்கெல்லாம் தாதர் வெஸ்ட்டில் பதில் இருக்கிறது. சக்கா. மராத்திக்காரர்கள் ஸ்ரீகண்ட் செய்வதற்காகத் தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு, நீரெல்லாம் வடிந்த பிறகு எடுக்கிற கட்டி. ரானடே ரோடு, பிளாசா பக்கம் பால் பண்டம் விற்கும் கடைகளில் கேட்டால் அளந்து கொடுப்பார்கள். குடிபாட்வா, தசரா சமயத்தில் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். வீட்டிலும் கட்டலாம். முழுக் கொழுப்புப் பாலில் உறைந்த, புளிக்காத தயிரை மல்துணியில் முடிந்து ஃப்ரிட்ஜுக்குள் ராத்திரி முழுக்கத் தொங்கவிடுங்கள். வெளியே தொங்கவிட்டால் இந்த ஊர்ச் சூட்டுக்குக் காலையில் மோர்க்குழம்புக்குத்தான் ஆகும்.

250 கிராம் சக்கா, 200 கிராம் டார்க் சாக்லேட். சாக்லேட் வாங்கும்போதும் கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். கிராஃபர்ட் மார்க்கெட் பக்கத்துப் பேக்கிங் கடைகளில் பாளம் பாளமாக அடுக்கியிருப்பதில் பெரும்பாலானது காம்பவுண்ட். கோகோ வெண்ணெய்க்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு போட்டது. வெயிலைத் தாங்கும், விலையும் குறைவு, அச்சில் வார்ப்பதற்கு உத்தமம். நம் வேலைக்கு நிஜச் சாக்லேட் வேண்டும். கோகோ வெண்ணெய்தான் ஃப்ராஸ்டிங்கை இறுக்கிப் பிடிக்கும், அதுவே வாய்ச் சூட்டில் உருகியும் போகும்.

கொதிநீரின் மேல் கிண்ணத்தை வைத்துச் சாக்லேட்டை உருக்கி இறக்கி ஆறவிடுங்கள். விரலை வைத்தால் சூடும் தெரியக் கூடாது, குளிர்ச்சியும் தெரியக் கூடாது. சக்காவை ஒரு மணி நேரம் முன்பே வெளியே எடுத்து வைத்து, மத்தாலோ கரண்டியாலோ கட்டியில்லாமல் குழைத்திருக்க வேண்டும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த ஜில்லுச் சக்காவைப் போட்டால் சாக்லேட் அதிர்ச்சியில் பொட்டுப் பொட்டாக உறைந்துபோகும். இரண்டும் ஒரே பதத்தில் இருக்கும்போது, ஒரு கரண்டி சக்கா, கலக்கல், இன்னொரு கரண்டி, கலக்கல். மூன்றாவது கரண்டியில் நிறம் மாறுவதைப் பாருங்கள்! வெள்ளைக் கோடுகள் கறுப்புக்குள் சுழன்று சுழன்று மறைந்து, மொத்தமும் ஒரே காப்பி நிறமாகி, கரண்டி போன தடம் அப்படியே நிற்கும். இரண்டு மூன்று ஸ்பூன் ஐசிங் சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு. முடிந்தது. தயிரின் மெல்லிய புளிப்பு சாக்லேட்டின் திகட்டலை வெட்டிவிடுகிறது. திகட்டாத ஃப்ராஸ்டிங் என்றால் எத்தனை ஆபத்து என்று கிண்ணத்தை வழித்துத் தின்ற என் மகளைக் கேளுங்கள்.

கேக் முழுக்க ஆறின பிறகுதான் பூச வேண்டும். நான் ராத்திரி சுட்டு, ஆறவிட்டு, பிளாஸ்டிக் தாளில் சுற்றி வைத்து மறுநாள் பூசுவேன். பூசி ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்தால் கத்திக்குப் பிடி கொடுக்கும். கத்தியைச் சுடுதண்ணீரில் நனைத்துத் துடைத்துவிட்டு வெட்டுங்கள். வெட்டிய முகத்தைப் பாருங்கள். கறுத்த கேக்குக்குள் அங்கங்கே மாணிக்கச் சிவப்பில் இழை ஓடியிருக்கும், விரலால் அமுக்கினால் ஈரம் தெரியும், ஆனால் பிசுபிசுக்காது. ஊட்டி கேரட் போட்டால் இந்த இழை இவ்வளவு எடுப்பாகத் தெரியாது.

எங்கள் மாடியில் பாலக்காட்டு மாமி ஒருவர் இருக்கிறார். முட்டை அவர் வீட்டு வாசற்படி தாண்டாது. அவருக்காகவே முட்டைக்குப் பதில் 150 கிராம் கெட்டித் தயிரும் கால் டம்ளர் பாலும் ஊற்றி, சோடா உப்பைக் கால் டீஸ்பூன் கூட்டி ஒரு கேக் செய்தேன். இந்தக் கேக்கில் காஜரும் கருப்பட்டியுமே பாதி வேலையைச் செய்துவிடுவதால் முட்டை இல்லாதது பெரிதாகத் தெரிவதில்லை. கொஞ்சம் கூடுதலாக உதிரும், அவ்வளவுதான்.

“முட்டை கிட்டை இல்லையேடி?”

“தயிர்தான் மாமி.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

“அப்படின்னா இன்னொண்ணு வெட்டு. பெரிசா வெட்டு, எனக்கென்ன பயம்!”

சுகர் இருக்கிறதே என்று நான் இழுத்ததற்கு, காஜர் உடம்புக்கு நல்லதாம், கருப்பட்டி அதைவிட நல்லதாம். மாமியிடம் வாதாடி ஜெயித்தவர் கிடையாது. சர்க்கரைதான் மாமி இதுவும், என்று நான் சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

செம்பூரில் இருக்கும் நாத்தனாருக்கு இதைக் கொண்டுபோவது ஒரு வீர விளையாட்டு. தாதரில் ஏறி, குர்லாவில் இறங்கி, படியேறி, ஹார்பர் லைன் மாறி செம்பூர். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான் உத்தமம். முதல் நாள் ராத்திரியே பூசி ஃப்ரிட்ஜில் வைத்த கேக்கை அதன் உயரத்துக்குச் சரியான எவர்சில்வர் டப்பாவில் இறக்கி, அடியில் ஈரத்துணி போட்டு நகராமல் பண்ணி, மடியில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். லேடீஸ் கம்பார்ட்மெண்டில் மடியில் பெரிய டப்பாவை வைத்துக்கொண்டு யாரும் கேள்வி கேட்காமல் பயணம் பண்ண முடியாது. ஸயன் வருவதற்குள் என்ன இருக்கிறது என்று கேட்டாயிற்று. குர்லா வருவதற்குள் செய்முறை கேட்டாயிற்று. காஜரைப் பிழிய வேண்டாம் என்பதை நான் கத்திச் சொல்லிக்கொண்டே இறங்கினேன். பின்னால் ஒரு அம்மாள், “தயிரா, சக்காவா?” என்று மராத்தியில் கத்தினார். “சக்கா!” என்று பிளாட்பாரத்திலிருந்து கத்தினேன். கேக்குக்கு ஒரு கீறல் இல்லை. நாத்தனார் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, “அண்ணி, தட்டு வேண்டாம், ஸ்பூன் மட்டும் கொடுங்க” என்றாள். பெருமாள் கோயில் பிரசாதத்தைக்கூட அவள் இத்தனை பக்தியோடு சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

மார்ச் பிறந்தால் சிவப்புக் காஜர் வாடத் தொடங்கும். விலை ஏறும், நடுத்தண்டு முற்றும். மாவுஷியே “அப் மத் லோ” என்று தள்ளிவிடுவார். ஊட்டி கேரட்டில் செய்யலாம், தவறில்லை. துருவலை 300 கிராமாக்கி, கோகோக் கலவையில் இரண்டு ஸ்பூன் தயிர் சேர்த்தால் ஈரம் கிட்டத்தட்ட வந்துவிடும். ஆனால் பிப்ரவரியிலேயே புத்தியாக இருந்துவிட்டால் அந்தக் கிட்டத்தட்டவும் தேவையில்லை. நல்ல காஜராக வாங்கித் துருவி, 250 கிராம் பொட்டலங்களாகக் கட்டி ஃப்ரீசரில் போட்டுவிடலாம். உருகும்போது நீர் விடும், பொரியலுக்கு ஆகாது, கேக்குக்கு அந்த நீரோடு அப்படியே போட்டுவிடலாம். நாத்தனார் பிறந்தநாள் ஜூனில் வருகிறது, வெளியே மழை கொட்டிக்கொண்டிருக்கும். அவளுக்கு ஒன்று, மாமிக்கு ஒன்று, சித்திக்கு ஒன்று என்று மூன்று பொட்டலம் பெயர் எழுதி உள்ளே தள்ளியாகிவிட்டது. பட்டாணிப் பையை வெளியே எடுத்து வைத்துத்தான் இடம் பண்ணினேன். இரண்டு நாளாக எங்கள் வீட்டில் மட்டர் புலாவ்.